கூம்பு சொல்வதை அப்படியே நம்பலாமா?

கடற்கரையில் மணல் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்: கொட்டிய மணலில் குச்சி எளிதாக இறங்கும், தட்டி இறுக்கிய மணலில் இறங்க மறுக்கும். சாங்கி கிழக்கில் கடலைத் தூர்த்து நிலத்தை மீட்டபோது பொறியாளர்கள் செய்த சோதனையும் இதே வகைதான். குச்சிக்குப் பதில், 60 பாகை முனை கொண்ட எஃகுக் கூம்பு. அது வினாடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் மணலுக்குள் இறங்கும். மணல் காட்டும் எதிர்ப்பைக் கருவி பதிவு செய்யும்.

மணல் தளர்வாக இருந்தால் என்ன? 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டா நகரில் நிலம் அதிர்ந்தபோது, நீரில் ஊறிய தளர்ந்த மணல் குழம்பானது. அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலே சாய்ந்து படுத்தன.

ஆனால், கூம்பு அளப்பது எதிர்ப்பை, அடர்த்தியை அல்ல. ஒரே அடர்த்தி கொண்ட மணல்கூட, ஆழத்தில் மேலுள்ள பாரத்தால் நெருக்கப்பட்டு அதிக எதிர்ப்பைக் காட்டும். சிப்பித் துகள் கலந்த மணலோ கூம்பின் முனையில் நொறுங்கும்; இறுக்கமாக இருந்தும் தளர்வானதுபோல் தோன்றும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது ஆய்வகம். பெரிய எஃகுத் தொட்டியில் மணலை மழைபோல் சீராகப் பொழிந்து நிரப்புகிறார்கள். நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி தெரிந்துவிடும். பிறகு, ஆழத்தில் இருப்பதுபோல் அழுத்தம் கொடுத்துக் கூம்பை இறக்குகிறார்கள். இப்படிப் பலமுறை செய்தால் எதிர்ப்பையும் அடர்த்தியையும் இணைக்கும் வரைபடம் கிடைக்கும்.

“ஏற்கெனவே வரைபடங்கள் இருக்கின்றனவே?” என்று கேட்கலாம். அவற்றில் பல, இத்தாலியின் டிசினோ மணல் போன்ற குவார்ட்ஸ் மணலில் உருவானவை. சிங்கப்பூருக்கோ மணல் பல இடங்களிலிருந்து வருகிறது. ஒரு மணலின் வரைபடத்தை இன்னொரு மணலுக்குச் சரிபார்க்காமல் பயன்படுத்துவது, அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பது போன்றது. ஆய்வகச் சோதனைக்கு நாள் பிடிக்கும், செலவும் ஆகும். ஆயினும், அதைத் தவிர்ப்பது சிக்கனம் ஆகாது என்பதே என் கருத்து.

பள்ளியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு வாளிகளில் ஒரே மணல்: ஒன்றில் மெதுவாகக் கொட்டுங்கள், மற்றதில் தட்டித் தட்டி நிரப்புங்கள். இரண்டின் அடர்த்தியையும் கணக்கிடுங்கள். ஒரே எடையை ஏற்றிய பென்சில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து, வரைபடம் வரையுங்கள். பிறகு வேறு மணலில் செய்யுங்கள். முதல் வரைபடம் பொருந்துகிறதா?

கருவியை நம்பும் முன் அதையே சோதிக்க வேண்டும். இதை அந்த வாளி மணல் கற்றுத்தரும்.