‘ஸ்ட்ரிக்ட்’ என்பது பாதுகாப்பின் பெயரன்று

விளையாட்டுக் கன்சோல்கள் வீட்டு ரௌட்டரின் நேட் முறையை ‘ஓப்பன்’, ‘மாடரேட்’, ‘ஸ்ட்ரிக்ட்’ எனத் தரம் பிரிக்கின்றன. ‘ஸ்ட்ரிக்ட்’ என்றதும் காவல் மிகுந்தது என மனம் பொருள்கொள்கிறது. அது பிழை.

நேட் செய்யும் வேலைகள் இரண்டு. உள்ளிருக்கும் கருவிக்கு வெளிப்புறப் போர்ட் எண்ணை ஒதுக்குவது ஒன்று. அவ்வெண்ணுக்கு வரும் தரவில் எதை உள்ளே விடுவது என்பது மற்றொன்று. காவல் இரண்டாவதில்தான் உள்ளது. சிம்மெட்ரிக் நேட் சேருமிடந்தோறும் எண்ணை மாற்றுகிறது. அதனால் ஆட்டக்காரர்களிடையே நேரடி இணைப்பு தடைபடுகிறது. அதே வடிகட்டலைப் போர்ட் ரெஸ்ட்ரிக்டட் கோன் முறையும் தருகிறது, அத்தடையின்றி.

2007இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4787 இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறது: ஒதுக்கீடு சேருமிடத்தைப் பொறுத்து மாறலாகாது, கடுமையான வடிகட்டலை வேண்டுவோர், உள்ளிருந்து முன்பே தொடர்புகொண்ட முகவரிகளை மட்டும் அனுமதிக்கலாம். விளையாட்டுக்கும் பாதுகாப்புக்கும் இதுவே பொதுவழி.

இந்தியாவில் பல இணைப்புகள் சேவை நிறுவனத்தின் சிஜிநேட்டுக்குப் பின்னால் உள்ளன. அங்கே வீட்டு ரௌட்டரை மட்டும் திருத்திப் பயனில்லை. அதை அறியாமல் ‘ஓப்பன்’ என்ற சொல்லுக்காகக் கணினியை டிஎம்இசட்டில் நிறுத்துவோர், காவலை இழக்கின்றனர், இணைப்பையும் பெறுவதில்லை.