முகவரியே குற்றமா?

அதிராம்பட்டினத்தில் தோழர் ஒருவர் தேங்காய் மொத்த வியாபாரம் செய்கிறார். பில்லெல்லாம் கடைக் கணினியிலிருந்தே மின்னஞ்சலில் போகும். திடீரென்று எதுவும் வெளியே போகவில்லை. இணைய நிறுவனத்தைக் கேட்டால், ஸ்பேம் வருகிறதாம், போர்ட் 25-ஐ மூடிவிட்டார்களாம். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸ்பேமைத் தடுக்க வேண்டியதுதான். கடவுச்சொல்லோடு அனுப்பும் போர்ட் 587 வழி 1998-லேயே வந்துவிட்டது. அதைத்தான் தோழருக்கு அமைத்துக் கொடுத்தேன். எனக்கு உறுத்துவது வேறு. ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பட்டியல் ஒன்றில் வீட்டு இணைப்புகளின் ஐபி முகவரிகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. அவை ஸ்பேம் அனுப்பினவா என்று யாரும் பார்ப்பதில்லை, எந்தக் கொத்தில் இருக்கின்றன என்பதே போதும். ஒரே ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து தரும் இடத்தில், பக்கத்துக்காரர் செய்ததற்கும் நாமே பதில் சொல்ல வேண்டும்.

இதைச் சாதி என்று சொல்லமாட்டேன். சாதி ஆளையே கொல்கிறது. ஆனால் தெருப் பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த நியாயம் பழக்கமானது. காசுள்ளவர் நிலையான ஐபி வாங்கித் தப்பித்துக்கொள்கிறார் (அங்கேயும் அப்படித்தானே).

மூடுங்கள், ஆனால் முன்பே எழுத்தில் சொல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. டிராயின் 2012 விதிமுறைப்படி புகாருக்கு டாக்கெட் எண் தர வேண்டும். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள், தோழர்களே.