ஜிம்மி, டாமி, டைகர், மணி...

2024 தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி. எதிர் வீட்டுப் பையன் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினான். புகை அடங்கிப் பார்த்தால், என் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு பழுப்பு நாய் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. கழுத்தில் சிவப்பு பெல்ட். பேர் இல்லை, போன் நம்பர் இல்லை.

“யாரோ வளர்த்ததுங்க. பாவம்!” என்றாள் என் மனைவி. அந்தப் ‘பாவம்’ அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்துப் பல வருஷம் ஆகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து காதைப் பார்த்தார். கருத்தடை செய்து திரும்ப விடும் தெரு நாய்க்குக் காதில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். இதற்கு இல்லை. “பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க சார்” என்றார்.

ஜிம்மி, டாமி, டைகர், மணி, சீசர், ராஜா... மாமனார் பேரைத் தவிர எல்லாம் சொல்லியாயிற்று. ஃபிரிட்ஜ் கதவு திறந்தபோது மட்டும் வால் ஆடியது.

மூன்றே நாளில் அது என் காலடியில் படுக்க ஆரம்பித்துவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு என்னைக் கண்டுகொள்ளாத தெரு, நாயோடு நடந்ததும் “குட்மார்னிங் சார்” என்றது. மெதுவாக மனைவியிடம், “யாரும் தேடி வரலையே, நாமே வெச்சுக்கலாமா?” என்றேன்.

காபியை டக்கென்று வைத்தாள். “அறுபத்து மூவர் கூட்டத்துல நம்ம பையன் ஆறு வயசுல தொலைஞ்சானே, ஞாபகம் இருக்கா? அவனைக் கூட்டிட்டு வந்து விட்ட மனுஷன், ‘லட்சணமா இருக்கான், வெச்சுக்கலாம்’னு நினைச்சிருந்தா?”

வாயை மூடிக்கொண்டு நாயை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் அதன் தோள்பட்டை நடுவில் ஒரு கருவியை ஓட்டினார். அரிசி அளவில் ஒரு சிப் தோலுக்கடியில் இருந்தால் 15 இலக்க நம்பர் தெரியுமாம். (அது நாய் எங்கே திரிகிறது என்று காட்டாது, சார். யாருடையது என்று தேட உதவும், அதுவும் நம்பரோடு உங்கள் போனைப் பதிந்திருந்தால்தான்.) கருவி மௌனம் சாதித்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

“போட்டோ போட்டு நோட்டீஸ் ஒட்டுங்க. ஆனா ஒரு அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாதீங்க. வர்றவங்க சொல்லட்டும்” என்றார் டாக்டர். டீக்கடை, மருந்துக்கடை, பால் பூத், டாக்டர் வாசல் எல்லா இடத்திலும் ஒட்டினேன். உடனே போன்கள். ஒருவர் “என்ன விலை?” என்றார். இன்னொருவர் “என்னுதுதான் சார்” என்று சத்தியம் செய்தார். அடையாளம் கேட்டதும் லைன் கட்.

ஐந்தாம் நாள் காக்கிச் சட்டையோடு ஒரு ஆட்டோக்காரர், கூடவே அழுது வீங்கிய முகத்தோடு ஒரு சிறுமி. நான் கேட்கும் முன்பே அவள், “பின்னங்கால் ஒண்ணு மட்டும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளையா இருக்கும் தாத்தா” என்றாள். பிறகு உள்ளே பார்த்து, “தம்பீ!” என்று ஒரு குரல்.

நாய் என்னைத் தாண்டிக் குதித்து ஓடியது. தம்பியாம்! எனக்குத் தோன்றவேயில்லை.

“வெடிச் சத்தத்துல ஓடிச்சு சார். ‘புடி, புடி’ன்னு ஆளுங்க துரத்தினதுல இன்னும் தூரம் போயிடுச்சு” என்றார் அப்பா. உண்மைதான். பயந்த நாயைத் துரத்தினால் சொந்தக்காரரைக் கண்டாலும் ஓடும். தரையில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கூப்பிட வேண்டும். சந்தடி இல்லாத விடியற்காலையில் தேட வேண்டும். பூனை என்றால் ஊரெல்லாம் அலைய வேண்டாம். பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில் பாருங்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே அகப்பட்டிருக்கின்றன.

சாவி போடும் கடையில் ஒரு தகட்டில் ‘தம்பி’ என்று வெட்டி, அவர் போன் நம்பரையும் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு வாக்கிங் போனால் தெருவில் எல்லாரும் நாயைத்தான் விசாரித்தார்கள்.

2025 தீபாவளிக்கு முதல் நாள் வாசலில் ஆட்டோ. “உங்க வீட்ல ஜன்னல் இல்லாத உள் ரூம் இருக்காமே சார். இன்னிக்கு ராத்திரி மட்டும்...” சங்கிலியோடு, தகட்டோடு, தம்பி.

எதிர் வீட்டில் சரம் வெடித்தது. உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நானும் அதுவும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டும் பாவம்!” என்றாள்.