மில்லிகிராமோடு நின்றுவிடும் குறிப்புத்தாள்

அறுவை அரங்கின் சுவரிலோ மருந்து ட்ராலியின் பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் மயக்க மருந்து அளவுக் குறிப்புத்தாளுக்கு ஒரே ஒரு வேலைதான். நெருக்கடி நேரத்தில் யாரும் மனக்கணக்குப் போட வேண்டிய நிலை வராமல் அது காக்க வேண்டும். மருந்தின் பெயர், ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம், எந்த வழியில் செலுத்துவது என்ற விவரங்கள் அதில் இருக்கும். பல தாள்கள் அத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் சிரிஞ்சில் மில்லிகிராம் கோடு கிடையாது, மில்லிலிட்டர் கோடுதான் உண்டு. மருந்தை உறிஞ்சி எடுக்கும் செவிலியர் கேட்பதும் “எத்தனை மில்லி?” என்றுதான். தாளில் உள்ள எண்ணுக்கும் சிரிஞ்சில் உள்ள கோட்டுக்கும் நடுவே ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் கிடக்கின்றன. பிழை நுழைவது அந்த இடைவெளியில்.

மரப்பு ஊசி மருந்துகளில் இது நன்றாகத் தெரியும். பியூபிவகெயினுக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட உச்ச வரம்பு. 60 கிலோ நோயாளிக்கு 120 மில்லிகிராம். ஆனால் குப்பியின் மேல் அச்சிட்டிருப்பதோ 0.5 சதவீதம். சதவீதம் என்றால் 100 மில்லியில் எத்தனை கிராம் என்று பொருள். ஆகவே 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம், 0.5 சதவீதத்தில் 5 மில்லிகிராம். 120ஐ 5ஆல் வகுத்தால் 24 மில்லி. உட்கார்ந்து நிதானமாகப் போட்டால் இது பள்ளிக்கூடக் கணக்கு. நள்ளிரவில், நோயாளியின் நாடி இறங்கிக்கொண்டிருக்கையில் போடும்போது தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தாலும் அளவு பத்து மடங்காகிவிடும்.

அட்ரினலின் இன்னும் கடினமான கணக்கு. அதன் அடர்த்தியை நெடுங்காலமாக விகிதத்தில் எழுதிவந்தார்கள்: ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று. முன்னதில் ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம், பின்னதில் 0.1 மில்லிகிராம். பிரிட்டிஷ் மருத்துவமனை மருத்துவர்களிடையே 1995இல் நடந்த ஆய்விலேயே, விகிதத்தையும் சதவீதத்தையும் மில்லிகிராமாக மாற்றுவதில் பலர் தடுமாறியது தெரிந்தது. 2008இல் வெளியான ஒரு சோதனையில், ஒவ்வாமை அதிர்ச்சியைப் பாவனையாக நிகழ்த்தி மருத்துவர்களின் கையில் ஆம்பூலைக் கொடுத்தார்கள். விகிதம் எழுதிய ஆம்பூல் கிடைத்தவர்கள், மில்லிகிராம் எழுதிய ஆம்பூல் கிடைத்தவர்களைவிட அதிக அட்ரினலின் கொடுத்தார்கள். நேரமும் அதிகம் எடுத்துக்கொண்டார்கள். 2016இல் அமெரிக்கா அட்ரினலின் லேபிள்களிலிருந்து விகிதத்தை நீக்கியது. ஆம்பூலின் மேலிருந்து அகற்றப்பட்ட விகிதம் சுவரில் ஒட்டிய தாளில் மட்டும் நீடிப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் மில்லியில் எழுதிவிட்டால் போதுமா என்றால், போதாது. பெரியவருக்கு ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டால் தசையில் போட வேண்டிய அட்ரினலின் 500 மைக்ரோகிராம், அதாவது மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலிலிருந்து அரை மில்லி. மேசையில் மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு மயக்க மருத்துவர் நரம்பு வழியே தொடங்கும் அளவு 50 மைக்ரோகிராம். நீர்த்த கரைசலில் அதுவும் அரை மில்லிதான். ‘அரை மில்லி’ என்று மட்டும் ஒருவர் குரல் கொடுத்தால், எந்தக் கரைசல் என்பது சொல்லப்படாமலே போகிறது. தாளின் ஒவ்வொரு வரியிலும் ஆம்பூலின் வலிமை, நீர்க்கும் முறை, செலுத்தும் வழி, மில்லி ஆகிய நான்கும் சேர்ந்தே நிற்க வேண்டும்.

இங்கேதான் வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே படியெடுத்து ஒட்டுவதன் ஆபத்து வருகிறது. பிரிட்டனின் மயக்க மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட விரைவுக் கையேடு அருமையானது. விமானிகளின் அறையில் இருக்கும் நெருக்கடிக் கையேட்டின் மாதிரியில் அமைந்தது. ஆனால் அங்கே நீர்த்த அட்ரினலின் 10 மில்லி சிரிஞ்சில் தயாராக அடைத்தே கிடைக்கும். இந்திய அரசு மருத்துவமனையின் அலமாரியில் பொதுவாக இருப்பது 1 மில்லி ஆம்பூல். அதை உடைத்து 9 மில்லி சலைன் சேர்த்தால்தான் அந்தக் கரைசல் உண்டாகும். இந்த ஒரு வரி இல்லாத தாள் பாதி வழியில் கைவிட்டுவிடும். கீட்டமினிலும் இதே சிக்கல் உண்டு. மில்லிக்கு 10 மில்லிகிராம், 50 மில்லிகிராம் என்று இரண்டு வலிமைகளில் அது இந்தியாவில் கிடைக்கிறது. 90 மில்லிகிராம் வேண்டுமென்றால் ஒன்றில் 9 மில்லி, மற்றதில் 1.8 மில்லி. ஐந்து மடங்கு வித்தியாசம் குப்பியின் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கிறது. இன்சுலினில் 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் சிரிஞ்சும் மாறிப்போவதைப் பார்த்திருக்கும் வார்டுச் செவிலியர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சரியாக எழுதப்பட்ட குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்குப் பிரசவ வார்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பேறுகால வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட்டே டயஸிபாமைவிடவும் ஃபெனிட்டாயினைவிடவும் மேலானது என்பதை 1995இல் லான்செட் இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு உறுதிசெய்தது. அதன்பின் பரவிய பிரிட்சார்ட் முறையில் முதல் அளவு நரம்பு வழியே 4 கிராம். நல்ல தாளில் அது 4 கிராம் என்று மட்டும் இருக்காது: 2 மில்லி ஆம்பூல் நான்கு, அதாவது 8 மில்லி; அதனுடன் சலைன் 12 மில்லி; மொத்தம் 20 மில்லி; ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக. தசை ஊசிக்கு ஒவ்வொரு பிட்டத்திலும் ஐந்து ஆம்பூல், அதாவது 10 மில்லி, நீர்க்காமல். அடுத்த அளவுக்கு முன் முழங்கால் துடிப்பு இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு நின்றால் 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி. மருந்து, கண்காணிப்பு, மாற்று மருந்து மூன்றும் ஒரே தாளில் இருக்கின்றன. எண்ண வேண்டியது ஆம்பூல்களை மட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் முதல் தசை ஊசியைப் போட்டுவிட்டுத் தாயை மேல் மருத்துவமனைக்கு அனுப்ப முடிவதற்கு இந்தத் தெளிவும் ஒரு காரணம். மயக்கவியல் தாள்கள் எட்ட வேண்டிய தரம் இதுதான்.

அளவு பற்றிய இந்தக் கவலை மயக்கவியலோடு பிறந்தது. 1846இல் பாஸ்டனில் ஈத்தரும் மறு ஆண்டு எடின்பரோவில் குளோரோஃபார்மும் வந்தன. 1848 ஜனவரியில், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்த 15 வயது ஹன்னா கிரீனர் என்ற ஆங்கிலேயப் பெண் சில நிமிடங்களில் இறந்தாள். துணியில் எத்தனை சொட்டு ஊற்றினோம் என்பதைவிட, மூச்சோடு உள்ளே போகும் காற்றில் ஆவி எத்தனை சதவீதம் என்பதே அளவு என்று லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ வாதிட்டார். அதைக் கட்டுப்படுத்தும் கருவிகளையும் செய்தார். ஊற்றியதற்கும் உடலுக்குள் சென்றதற்கும் உள்ள வேறுபாட்டை அன்றே அவர் பிடித்துவிட்டார்.

பெரும்பாலான அட்டவணைகளில் இன்னொரு குறையும் உண்டு. இயல்பில் மூன்று வகையான எண்கள் அவற்றில் ஒரே பத்தியில், ஒரே எழுத்தில் நிற்கின்றன. புரோபோஃபாலுக்கு எழுதியிருக்கும் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம் வரை என்பது தொடக்கப் புள்ளி மட்டுமே. 60 கிலோ எடையுள்ள திடமான இளைஞருக்கு 120 மில்லிகிராம், அதாவது 1 சதவீத மருந்தில் 12 மில்லி தேவைப்படலாம். இடுப்பு எலும்பு முறிந்து வந்த 80 வயது மூதாட்டிக்கு அதில் பாதியே அதிகமாகலாம். கண் சொருகுவதையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துப் பார்த்துச் செலுத்த வேண்டிய மருந்து அது. இதயம் நின்றவருக்கு மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் என்பது வேறு வகை. அங்கே தயக்கத்துக்கு இடமில்லை. பியூபிவகெயினின் 2 மில்லிகிராம் மூன்றாவது வகை. கொடுக்க வேண்டிய அளவாக அதைப் படிக்கக் கூடாது, தாண்டக் கூடாத வேலி அது. தொடக்கம், கட்டாயம், வரம்பு மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும்படி அச்சிடாத தாள், எடையைப் பெருக்கினால் போதும் என்ற தவறான பாடத்தைப் புதியவர்களுக்குக் கற்றுத்தருகிறது.

தாளை நம்பியிருப்பவர் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முப்பதாண்டு அனுபவமுள்ள மயக்கவியல் நிபுணருக்கு அதன் தேவை குறைவு. முதுநிலை மாணவர், இரவுப் பணிச் செவிலியர், பிரசவ அறுவைக்கு மயக்கம் கொடுக்க மத்திய அரசுத் திட்டத்தில் 18 வாரப் பயிற்சி பெற்று வட்ட மருத்துவமனைக்குச் செல்லும் எம்.பி.பி.எஸ். மருத்துவர் ஆகியோருக்காகவே அது எழுதப்பட வேண்டும். மைக்ரோகிராம் என்பதைச் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுத வேண்டும். ஃபென்டனில் மைக்ரோகிராமிலும் மார்ஃபின் மில்லிகிராமிலும் அளக்கப்படும்போது ஒரு சுருக்கெழுத்துப் பிழை ஆயிரம் மடங்குப் பிழையாகிவிடும். 5.0 என்று எழுதினால் அவசரத்தில் 50 ஆகும். பூச்சியம் இல்லாமல் .5 என்று எழுதினால் 5 ஆகும்.

குழந்தைகளுக்கு எடையே முதல் கேள்வி. வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கும் பழைய சூத்திரப்படி ஆறு வயதுக் குழந்தை 20 கிலோ. மேலைநாட்டுக் குழந்தைகளை வைத்து உருவான இந்தக் கணக்கும், உயரத்தை அளந்து எடையை ஊகிக்கும் வண்ண நாடாவும் இந்தியக் குழந்தைகளின் எடையைக் கூட்டிக் காட்டுகின்றன. உண்மையில் 16 கிலோ இருக்கும் குழந்தைக்கு 20 கிலோ கணக்கில் மரப்பு மருந்து போனால், வரம்பைவிட 25 சதவீதம் அதிகம். தராசுக்கு மாற்று இல்லை. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எடை எழுதப்படாத குழந்தை அரங்கின் வாசலைத் தாண்டக் கூடாது என்பது கடுமையான விதி போலத் தோன்றலாம். ஆனால் அதைத் தளர்த்துவதால் யாருக்கும் நன்மை கிடையாது.

கணக்கு முற்றிலும் சரியாக இருந்தும் உயிர் போகும் வழி ஒன்று உண்டு: ஆம்பூலே மாறிவிடுவது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் டிரானெக்ஸாமிக் அமிலம் உயிர் காக்கும் என்று 2017இல் உறுதியானபின், அது பிரசவ அரங்குகளுக்குள் பரவலாக வந்தது. அதே அரங்கில்தான் முதுகுத்தண்டில் போடும் பியூபிவகெயினும் இருக்கிறது. இரண்டும் நிறமற்ற திரவம், ஒத்த தோற்றமுள்ள சிறு ஆம்பூல்கள். தண்டுவட நீரில் தவறுதலாக டிரானெக்ஸாமிக் அமிலம் போய்விட்டால் கடும் முதுகுவலி, அடங்காத வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று சில நிமிடங்களில் நிலை முற்றும். பதிவான நிகழ்வுகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். 2022 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பு இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. மயக்க மருந்து ட்ராலியில் அந்த ஆம்பூலை வைக்காமல் தனி இடத்தில் வைப்பதே சிறந்த தடுப்பு. சிரிஞ்சில் ஒட்டும் லேபிள்களுக்குச் சர்வதேச வண்ண முறை இருக்கிறது: தசைத் தளர்த்திகளுக்குச் சிவப்பு, ஓபியாய்டுகளுக்கு நீலம், மரப்பு மருந்துகளுக்குச் சாம்பல். ஆனால் அந்த வண்ணம் ஆம்பூலை உடைத்து மருந்தை எடுத்த பிறகுதான் வருகிறது. டெண்டர் மாறும்போது ஆம்பூலின் தோற்றமும் மாறக்கூடும் என்பதால், அரசு கொள்முதல் நிறுவனங்கள் விலையோடு தோற்ற ஒற்றுமையையும் ஒரு தகுதிக் கேள்வியாக வைப்பது நியாயமான எதிர்பார்ப்பு.

குறிப்புத்தாள் சொல்லும் மருந்து அந்தக் கட்டடத்தில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மரப்பு மருந்து ரத்தத்தில் கலந்து நஞ்சானால் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், கிலோவுக்கு 1.5 மில்லி. 60 கிலோவுக்கு 90 மில்லி இரண்டு மூன்று நிமிடத்தில்; பிறகு நிமிடத்துக்கு 15 மில்லி. 100 மில்லி பாட்டில் ஒன்றே இருந்தால் முதல் ஊசியிலேயே அது கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். புரோபோஃபாலும் பால் போன்ற கொழுப்புக் கலவைதான் என்றாலும் இதற்கு மாற்றாகாது. வழக்கமான 1 மில்லிகிராம் அட்ரினலினும் இந்த நிலையில் கூடாது. கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் போகாத சிறு அளவுகள்தான். மயக்க வாயுவால் உடல் கொதிக்கும் அரிய நோய்க்கு டான்ட்ரோலீன் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், 70 கிலோவுக்கு 175 மில்லிகிராம், அதாவது 20 மில்லிகிராம் குப்பிகள் ஒன்பது, ஒவ்வொன்றையும் 60 மில்லி ஊசி நீரில் கரைக்க வேண்டும். கரைக்கவே தனியாக ஆட்கள் வேண்டும். மருந்து இருக்கும் அலமாரி எண், இல்லையென்றால் அது கிடைக்கும் அருகிலுள்ள இடம், அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவையும் அளவைப் போலவே தாளில் இடம்பெற வேண்டியவை.

தாள் ஒட்டியிருப்பதாலேயே பயன்படும் என்பதும் இல்லை. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 17 அறுவை அரங்கக் குழுக்கள் 106 பாவனை நெருக்கடிகளைச் சந்தித்தன. குறிப்புத்தாள் இருந்தபோது தவறவிடப்பட்ட முக்கியப் படிகள் 6 சதவீதம். நினைவை மட்டும் நம்பியபோது 23 சதவீதம். ஆனால் பயன்படுத்தப் பழகியவர்களின் கையில்தான் தாள் அப்படி வேலை செய்யும். மருந்து செலுத்துபவரே தாளையும் படிக்க முடியாது. ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் செய்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கினால் இதைப் பழகிவிடலாம்.

எந்தக் கையேட்டைப் பின்பற்றுவது என்பதை அந்தந்த மருத்துவமனை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அட்ரினலின் சேர்க்காத லிக்னோகெயினுக்கு பிரிட்டிஷ் நூல்கள் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்கின்றன, அமெரிக்க நூல்கள் 4.5 என்கின்றன, ஒரே அரங்கில் இரண்டும் இருக்கலாகாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் தேதியற்ற அட்டவணைப் படங்களுக்கும் அங்கே இடம் தரக்கூடாது. மயக்க மருத்துவர், மருந்தாளுநர், தலைமைச் செவிலியர் மூவரும் தனித்தனியே கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். வேறு வலிமையில் ஆம்பூல் வந்திறங்கும் நாளில், அது கிடங்கிலிருந்து அரங்குக்கு வருவதற்கு முன்பே மருந்தாளுநரின் கையால் பழைய தாள் கழற்றப்பட்டு, புதிய தேதியோடு மாற்றுத் தாள் எல்லா ட்ராலிகளிலும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும்.