துருநோய்க்கு ஒரு பூட்டு போதாது

கோதுமை வடநாட்டுப் பயிர். அதற்கு வரும் துருநோயைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். தண்டுத் துருநோய்ப் பூசணம் சமவெளியின் கோடை வெயிலைத் தாங்காது. குளுமையான நீலகிரி, பழனி மலைகளில் கோடையிலும் நிற்கும் கோதுமையின் மேல் அது தங்கிவிடும். பிறகு காற்றோடு மற்ற இடங்களுக்குப் பரவும். பேராசிரியர் கே. சி. மேத்தா இதை ஆராய்ந்து 1940-லேயே எழுதியுள்ளார். ஆகவே இது நம் வீட்டு விஷயமும்தான்.

மருந்து தெளித்துக் கட்டுப்படுத்துவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. நோயைத் தாங்கும் விதையே அவருக்கு ஏற்றது. ஆனால் அந்த விதை ஒரே ஒரு ஜீனை நம்பியிருந்தால் ஆபத்து. பல நாடுகளின் கோதுமை எஸ்.ஆர். 31 என்ற ஜீனை நம்பியிருந்தது. அதை மீறும் துருநோய் 1998-ல் உகாண்டாவில் காணப்பட்டது. அதற்கு யூ.ஜி. 99 என்று பெயர். எஸ்.ஆர். 24 என்ற ஜீன் அதைத் தடுத்து நின்றது. 2006-ல் கென்யாவில் அதையும் மீறும் வகை வந்துவிட்டது. திருடன் ஒரு சாவி செய்யலாம். ஒரே சமயத்தில் மூன்று சாவி செய்வது கடினம். எனவே ஒரே இரகத்தில் பல ஜீன்கள் வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு ஜீன் உள்ள செடியும் மூன்று ஜீன் உள்ள செடியும் வயலில் ஒன்றுபோலவே பச்சையாக நிற்கும். கண்ணால் பார்த்துப் பொறுக்க இயலாது. இங்கேதான் 'மார்க்கர்' உதவுகிறது. ஜீனுக்கு அருகிலேயே இருந்து, அதனுடன் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்கு வரும் அடையாளம் அது. இளம் செடியின் இலைத் துணுக்கைச் சோதித்தாலே எந்தெந்த ஜீன் உள்ளது என்று தெரிந்துவிடும். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செடிகளை ஒட்டுச் சேர்ப்பது வழக்கமான முறையில்தான். பொறுக்குவது மட்டுமே புதிது.

1995-ல் வெளியான பி.பி.டபிள்யூ. 343 கோதுமை பின்னாளில் மஞ்சள் துருநோய்க்கு இரையாயிற்று. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், காட்டுப் புல்லினங்களிலிருந்து கோதுமைக்கு வந்த ஜீன்களை மார்க்கர் உதவியால் அதில் சேர்த்து, 2017-ல் 'உன்னத் பி.பி.டபிள்யூ. 343' என வெளியிட்டனர்.

நமது கோரிக்கை இதுதான். விதை மூட்டையில் 'நோய் தாங்கும்' என்று மொட்டையாக அச்சிட்டால் போதாது. எந்த நோயை, எத்தனை ஜீன்களால் தாங்குகிறது என்று விவசாயிக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும். மலையில் கோதுமை விதைப்பவருக்கு இத்தகைய விதை முதலில் கிடைக்க வேண்டும். கோதுமை தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். வாங்கிய நல்ல விதையை அவர் சில போகம் எடுத்து வைத்தும் விதைக்கலாம். ஆனால் பூசணம் சும்மா இருக்காது. ஆகவே விவசாய நண்பர்களே, நம் இரகம் இன்னமும் தாங்குகிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் விதைப்புக்கு முன் வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.