கப்பல் கொடுத்தோம், காப்பு கேட்டோமா?

ஆயுதம் வாங்கியே பழகிய இந்தியா இன்று ஆயுதம் விற்கிறது. 2013-14இல் 686 கோடி ரூபாயாக இருந்த பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி, 2024-25இல் 23,622 கோடியாக உயர்ந்தது. பிலிப்பைன்சுக்கு பிரமோஸ் ஏவுகணை போயிற்று. இலங்கைக்கு ரோந்துக் கப்பல்கள் போயின. வளரும் வல்லரசு என்று டெல்லி மார்தட்டுகிறது.

தங்கவயல் தமிழருக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு இங்கே எஞ்சி நிற்கும் பெரிய ஆலை, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள பெமல். தளவாட உற்பத்தி பெருகினால், விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடும் நம் பிள்ளைகளில் சிலருக்காவது உள்ளூரில் வேலை கிடைக்கலாம். எனவே ஏற்றுமதியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. யாருக்கு, எந்த நிபந்தனையின் பேரில் என்றுதான் கேட்கிறோம்.

இலங்கைக் கடற்படைக்கு 2000இல் 'சயுர' கப்பல் இந்தியாவிலிருந்து போனது. கோவாவில் கட்டிய 'சயுரல' 2017இலும் 'சிந்துரல' 2018இலும் அதில் சேர்ந்தன. அதே கடற்படை 2025 ஜனவரி 28இல் நெடுந்தீவு அருகே 13 மீனவர்களைப் பிடித்தபோது சுட்டது. ஐந்து பேர் காயமடைந்தனர். டெல்லி கண்டித்தது. ஆனால் ஏப்ரல் 5இல் கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. அப்பயணத்தில் மீனவர் பிரச்சினையும் பேசப்பட்டது உண்மைதான். பேச்சு வேறு, எழுத்து வேறு! மீனவன் மீது துப்பாக்கி நீளாது என்று உடன்படிக்கையில் ஒரு வரியேனும் உண்டா? வாசகத்தை மக்கள் முன் வைக்காமலே கையெழுத்திட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் இழுவைப் படகுகள் வலைகளை அறுக்கின்றன என்று வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர்கள் முறையிடுவதையும் மறைக்க வேண்டாம். அவர்களும் உழைப்பாளிகளே. அதற்குத் தீர்வு இருகரை மீனவரும் உட்கார்ந்து பேசுவது; துப்பாக்கி அல்ல.

டெல்லியின் அவசரத்துக்குக் காரணம் சீனா. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று. அண்டை நாடு கைநழுவக்கூடாது என்ற கவலை நியாயமானதே. ஆனால் இரு வல்லரசுகளின் போட்டியில் சிறிய நாட்டின் அரசுக்குத்தான் ஆயுதம் கிடைக்கிறது. அதன் மக்களுக்குக் கிடைப்பது என்ன?

1987 ஜூலை 29 ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். அதில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். யாருடைய உயிர் அதில் அடங்கியிருந்ததோ, அந்த ஈழத் தமிழர் கையெழுத்திட்டவர்களில் இல்லை. அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பும்முன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டனர். தமிழ் மக்களும் செத்து மடிந்தனர். அமைதிக்கென்று போன படையே போரில் இறங்கியது. மக்களை விலக்கிவிட்டு அரசுகள் மட்டும் செய்துகொள்ளும் பாதுகாப்பு, யாரையும் பாதுகாப்பதில்லை.

நம் கோரிக்கை இரண்டே. உடன்படிக்கையின் வாசகம் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். இந்தியா தரும் கப்பலோ கருவியோ மீனவர் மீதும் குடிமக்கள் மீதும் திரும்பாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தளவாடம் செய்யும் ஊரில் வாழும் நமக்கு, அது யார் மீது திரும்பும் என்று கேட்கும் உரிமை உண்டு. சங்கக் கூட்டந்தோறும் அதைக் கேட்போம்!