சோதனைக்கு உடல் தந்தவர்களின் பாத்தியதை

மருந்துக் கடையில் ஒரு புது மருந்தை வாங்குகிறவர், அது குணம் தரும் என்று நம்பியே வாங்குகிறார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் யாது என்று அவர் கேட்பதில்லை. டாக்டர் சொன்னார் என்பதே அவருக்குப் போதும். ஆனால் டாக்டர் அவ்வாறு துணிந்து சொல்வதற்குக் காரணம் ஒன்றுண்டு. அந்த மருந்து நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாதிருந்த காலத்தில், அதே நோயால் வருந்திய பல நூறு பேர் அதைத் தங்கள் உடலில் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் மாண்டார்கள். அவர்கள் பெயரை நாம் அறியோம். அவர்களுக்கு இத்தேசம் பட்டிருக்கும் கடன் என்ன, அக்கடனை நமது சட்டம் எப்படி அளந்து வைத்திருக்கிறது என்னும் விஷயத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

மருந்துப் பரிசோதனை பல கட்டங்களாக நடைபெறுவது. முதற் கட்டத்தில், பெரும்பாலும் ஆரோக்கியமுள்ள சிலருக்குச் சிறிய அளவில் மருந்து கொடுத்து, உடல் அதைத் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டாவது கட்டத்தில் நோயாளிகள் சிலருக்குக் கொடுத்துப் பலன் தென்படுகிறதா என்று கவனிக்கிறார்கள். மூன்றாவது கட்டமே முக்கியமானது. அதில் பல ஆஸ்பத்திரிகளிலுள்ள நூற்றுக்கணக்கான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புது மருந்தும் மற்றொரு பிரிவுக்கு இதுவரை வழங்கி வரும் சிகிச்சையும் அளித்து, இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். யாருக்கு எது என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விட்டால், தேறக் கூடியவர்களுக்கே அவர் புது மருந்தைக் கொடுத்துவிடலாம். பிறகு மருந்தைப் புகழ்வதா, நோயாளியின் பலத்தைப் புகழ்வதா என்று தெரியாது போய்விடும். ஆதலாலேயே குலுக்கல்.

இம்முறைக்குப் பேர்போன முன்மாதிரி, 1947-ம் வருஷத்தில் பிரிட்டனில் க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைஸின் மருந்தைச் சோதித்த வரலாறு. மருந்து எல்லோருக்கும் போதாமலிருந்தது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மாத்திரமும் என்று பிரித்தார்கள். ஆறு மாதத்தில் முந்தியவர்களில் 4 பேரும், பிந்தியவர்களில் 14 பேரும் இறந்தனர். மருந்தின் வல்லமை வெளிப்பட்டுவிட்டது. ஆனால் ஐந்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்றவர்களிலும் 32 பேர் இறந்திருந்தனர். தனியாகக் கொடுத்த மருந்தை எதிர்த்து நிற்கக் கிருமி கற்றுக்கொண்டுவிட்டது. ஒரே மருந்தை நம்பலாகாது, பல மருந்துகளைச் சேர்த்தே தர வேண்டும் என்ற பாடத்தை இவ்வுலகம் அந்தப் படுக்கைகளிலிருந்தே கற்றது. ஓய்வு மாத்திரம் பெற்ற 52 பேருக்கோ, தாங்கள் ஒரு பரிசோதனையில் இருப்பதாகவே அறிவிக்கப்படவில்லை.

நமது சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை ராஜ்ய சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து ஒரு க்ஷயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தின. நகரத்து ஏழைகள் 193 பேரைச் சேர்த்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பிரிவினரை ஸானிடோரியத்தில் ஒரு வருஷம் வைத்தும், மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்கவிட்டும், இரு சாராருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஸானிடோரியத்தில் ஓய்வும் நல்ல ஆகாரமும் இருந்தன. வீட்டிலோ நெருக்கடியும் அரை வயிற்றுக் கஞ்சியும். வருஷ முடிவில் ஸானிடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும் வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தவர்களின் பெண்டு பிள்ளைகளுக்கு நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. 1959-ல் இம்முடிவு வெளியாயிற்று. படுக்கை கிடைக்காமல் ஸானிடோரிய வாசலில் காத்துக் கிடந்த லக்ஷக்கணக்கான ஏழைகளுக்கு, வீட்டிலிருந்தே பிழைக்கலாம் என்ற வழி திறந்தது. 1962-ல் ஏற்பட்ட நமது தேசிய க்ஷயரோகத் திட்டத்துக்கு இதுவே அஸ்திவாரம். அந்த 193 பேர் இத்தேசத்துக்குச் செய்த உபகாரத்துக்கு எந்தக் கனவானின் நன்கொடை ஈடாகும்?

கடைசிக் கட்டத்தைத் தள்ளிப் போடுவதால் நேரும் சங்கடத்துக்கும் க்ஷயரோகமே உதாரணம். பழைய மருந்துகளுக்கு மசியாத க்ஷயத்துக்கு பெடாகுயிலின் என்னும் மருந்து வந்தது. அதன் இரண்டாவது கட்டப் பரிசோதனை ஒன்றில் மருந்து பெற்ற 79 பேரில் 10 பேரும், வெற்று மாத்திரை பெற்ற 81 பேரில் 2 பேருமே இறந்தனர். கிருமியைக் கொல்வதில் மருந்து கெட்டிதான். ஆயினும் இறப்பு ஏன் அதிகமாயிற்று? எண்ணிக்கை சிறியதாகையால் விடை சொல்ல முடியவில்லை. 2012 டிசம்பரில் அமெரிக்கா எச்சரிக்கையோடு அனுமதி கொடுத்தது. பிற்பட்ட ஆராய்ச்சிகளால் அந்தப் பயம் பெரும்பாலும் நீங்கிற்று. 2022-ல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், இந்தியா உட்பட 7 தேசங்களில் 588 பேர் கலந்துகொண்டனர். காதைச் செவிடாக்கக் கூடிய ஊசி மருந்து முறையில் நூற்றுக்கு 71 பேருக்கு நற்பலன் கிடைக்க, பெடாகுயிலின் சேர்ந்த மாத்திரை முறையில் 83 பேருக்குக் கிடைத்தது. நிச்சயம் பிறக்க ஏறக்குறையப் பத்து வருஷம் சென்றது. இடைக்காலத்தில் தயக்கத்தால் மருந்து கிடைக்காமல் போனவர்களின் கணக்கை யார் எழுதி வைத்தார்?

ஆகையால் பரிசோதனையே கூடாது என்று கூச்சலிடுவோருடன் நாம் சேரவில்லை. பரிசோதனை வேண்டும், நம் தேசத்திலேயே நடக்க வேண்டும், நம் ஜனங்களைப் பீடிக்கும் நோய்களுக்கு நடக்க வேண்டும். ஆனால் அது எவ்வாறு நடந்தது? சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் கொடுத்த கணக்கின்படி, 2005 முதல் 2012 நடு வரையில் 475 புது மருந்துகளின் பரிசோதனைகளில் 2,644 பேர் இறந்தனர். அவர்களில் 80 பேரே பரிசோதனையால் இறந்தவர்கள் என்று தீர்மானிக்கப்பட்டது. ஏற்கெனவே கொடிய நோயில் கிடந்தவர்கள் இறப்பது சகஜமே. எல்லா இறப்புக்கும் மருந்தின் மேல் பழி போடுவது நியாயமாகாது. ஆனால் இது மருந்தால், இது நோயால் என்று பிரித்துச் சொன்ன தராசைப் பொது ஜனங்கள் பார்த்ததில்லை. பொது நல ஸ்தாபனம் ஒன்று வழக்குத் தொடர்ந்து, சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பிறகே, 2013-ல் நஷ்ட ஈட்டு விதி உருவெடுத்தது. 2019-ல் புது மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகள் வந்தன. இவற்றால் நேர்ந்த நன்மையை நாம் மறைக்கவில்லை. கெடுதல் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும். பரிசோதனையால் இறந்தவரின் வாரிசுக்கு ஈடு கொடுக்க வேண்டும். இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால் அந்த ஈட்டின் அளவைப் படித்தபோது நமக்கு உண்டான வியப்பு சொல்லுந்தரமன்று. அடிப்படைத் தொகை 8 லக்ஷம் ரூபாய். அதை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கி 99.37-ஆல் வகுத்து, பிறகு நோயின் நிலைமைக்கு ஏற்ற மற்றோர் எண்ணால் பெருக்க வேண்டும். ஆரோக்கியமுள்ளவருக்கு அந்த எண் 4. ஆறு மாதத்துக்கு மேல் ஜீவிக்க மாட்டார் என்று மதிக்கப்பட்டவருக்கு அது அரை. 65 வயதான இருவரை எடுத்துக்கொள்வோம். பரிசோதனையால் இருவரும் இறந்தால், ஆரோக்கியமாயிருந்தவரின் குடும்பத்துக்கு 32 லக்ஷம். நோயாளியின் குடும்பத்துக்கு 4 லக்ஷம். முப்பது நாளில் இறப்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஏதுவுள்ளவர் என்று கருதப்பட்டவருக்கோ, வயதும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்; 2 லக்ஷத்தோடு விஷயம் முடிந்தது!

இதற்குச் சொல்லப்படும் நியாயம் நமக்குத் தெரியாததன்று. நஷ்ட ஈடு என்பது இழந்த ஆயுளுக்கு ஈடு. இழக்க அதிக ஆயுள் இல்லாதவனுக்கு அதிக ஈடு எதற்கு என்பர். வண்டியில் அடிபட்டவனுக்கும் ஆலையில் கையிழந்தவனுக்கும் இந்த நியாயம் ஓரளவு பொருந்தும். வயதுக்குரிய எண்ணும் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்திலிருந்தே வந்தது. ஆனால் அடிபட்டவன் வண்டிச் சக்கரத்தின் கீழ் தானாகப் போய் விழவில்லை. பரிசோதனைக்குச் சம்மதித்த நோயாளியோ, அறிந்து, கையொப்பமிட்டு, பிறர் பிழைக்கும் பொருட்டும் தன் உடலைத் தந்தவன். அவனுக்கு ஒப்பு ஆலைத் தொழிலாளி அல்லன். போர்க்களத்துக்குச் சென்ற சிப்பாயே. அபாயம் மிகுந்த முனைக்கு அனுப்பப்பட்ட சிப்பாயின் மனைவியிடம், "உன் புருஷன் எப்படியும் பிழைத்திருக்க மாட்டான், ஆகவே உனக்குப் பென்ஷனில் எட்டில் ஒரு பங்குதான்" என்று எந்தச் சர்க்காராவது சொல்லத் துணியுமா?

கொடிய நோய்களுக்கான மருந்தைச் சோதிக்க ஆரோக்கியமுள்ளவன் உதவ மாட்டான். முற்றிய புற்றுநோய்க்கு மருந்து வேண்டுமானால், முற்றிய புற்றுநோயாளியே வர வேண்டும். அவனுடைய மரண நிலைமைதான் அவனை அப்பரிசோதனைக்கு இன்றியமையாதவனாக்குகிறது. அதே நிலைமையைக் காட்டியே அவன் விலையைக் குறைக்கிறோம். இது தர்மமாகாது.

ஈடு உயர்ந்தால் பரிசோதனைகள் அந்நிய தேசங்களுக்கு ஓடிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். 2013-க்குப் பின் அனுமதிகள் குறைந்தது உண்மையே. அதனால் நல்ல ஆராய்ச்சிகள் சிலவும் தடைப்பட்டிருக்கலாம். எனினும் அன்று கம்பெனிகளைக் கலக்கியது விதிகள் தெளிவின்றியும் அடிக்கடி மாறியும் வந்ததே. தெளிவான கடமையை எந்த நல்ல வியாபாரியும் இன்ஷூரன்ஸ் செய்து ஏற்றுக்கொள்வான். அதிகத் தொகை ஏழையை ஆசை காட்டி இழுக்கும் என்பார்க்கு நாம் சொல்லுவது: சாகப் போகிறவனைச் சாதாரண நோயாளிக்குச் சமமாக வைப்பது ஆசை காட்டுவதாகாது, அவமதிப்பை நீக்குவதாகும்.

மற்றொரு குறையும் உண்டு. பரிசோதனை முடிந்த பின், குணம் கண்ட நோயாளிக்கு அம்மருந்தை இலவசமாகத் தொடர்ந்து கொடுக்க 2019-ம் வருஷத்து விதி இடம் தருகிறது. மிகவும் நல்லது. ஆனால் வேறு சிகிச்சையே இல்லாத நோயாயிருக்க வேண்டுமாம். டாக்டர் சிபார்சு செய்ய வேண்டுமாம். நெறிமுறைக் கமிட்டி ஒப்ப வேண்டுமாம். அதன் பிறகு நேரும் தீங்குக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று நோயாளி எழுதிக் கொடுக்கவும் வேண்டுமாம். வேறு சிகிச்சை பெயருக்கு இருந்து, அது அவனுக்குப் பலிக்காமற் போயிருந்தால் அவன் கதி என்ன? தன் உடலால் மெய்ப்பித்த மருந்தைக் கடையில் விலை கொடுத்து வாங்க முடியாமல் அவன் மடிவதா?

2024 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய யூனியன் ஆகிய இடங்களில் அனுமதி பெற்ற சிலவகை மருந்துகளுக்கு, இங்கே மூன்றாம் கட்டப் பரிசோதனை இல்லாமலே அனுமதி தரலாம் என்பது அதன் சாரம். அபூர்வ நோயால் வருந்துவோருக்கு இது சீக்கிரம் மருந்து கொண்டு வரலாம். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் மருந்துக் கம்பெனிகளின் பாதையைச் சுருக்குவதற்குக் கிடைத்த அவகாசம், மருந்துக்கு உடல் தந்தவரின் பாத்தியதையை விரிப்பதற்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிறோம்.

நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஈட்டுக் கணக்கில் இரண்டுக்குக் குறைந்த எண் எந்த நோயாளிக்கும் இருக்கலாகாது; 2 லக்ஷ ரூபாய் விதி அடியோடு ஒழிய வேண்டும். இரண்டாவது, பரிசோதனையில் பலன் கண்டவருக்கு, அவர் டாக்டர் தேவை என்று கருதும் வரை, பொறுப்புத் துறப்புப் பத்திரம் கேளாமல் மருந்து கிடைக்க வேண்டும். மூன்றாவது, வருஷந்தோறும் எத்தனை பேர் பரிசோதனைகளில் இறந்தனர், எத்தனை இறப்புக்கு மருந்து காரணமென்று எவ்விதம் தீர்மானமாயிற்று, எவ்வளவு ஈடு கொடுக்கப்பட்டது என்பதைச் சர்க்கார் வெளியிட வேண்டும். பரிசோதனையின் முடிவை அதில் கலந்துகொண்டவருக்கு அவரவர் தாய்மொழியில் தெரிவிக்க வேண்டும்.

இவை டாக்டர்களும் கம்பெனிகளும் மாத்திரம் பேசித் தீர்க்கும் விஷயங்கள் என்று நமது ஊழியர்கள் ஒதுங்கி நிற்பது சரியன்று. பார்லிமெண்டு அங்கத்தினர்களைக் கேளுங்கள். பொதுக்கூட்டங்களில் தீர்மானம் கொண்டு வாருங்கள். சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடும் ஏழைக்கு அதிலுள்ளதைப் படித்துச் சொல்ல ஒவ்வோர் ஊரிலும் ஒருவராவது முன்வாருங்கள். சேத்துப்பட்டில் மருந்துக்காக வரிசையில் நின்ற அந்த 193 பேர், தங்களுக்குப் பின் வருவோரைப் பிழைப்பித்தார்கள். அவர்கள் வழியில் இன்று உடல் தருவோரின் உயிரை அரையென்றும் காலென்றும் எழுதி வைத்திருக்கும் கணக்கைத் திருத்துவது, அதனால் பிழைத்திருக்கும் நமது கடமை.